தளம் போட்டவர் வாழ்க

சென்னையில் மேல்மாடி ஃபிளாட் வாங்கியவர்கள் நன்றி மறக்கக் கூடாது. அதைக் கட்டிக் கொடுத்தவரைப் போலச் சிக்கனக்காரர் கிடைப்பது அரிது. அஞ்சு இஞ்ச் கான்கிரீட் போட்டார். அதற்கு மேல் ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பைக்கூட வீணாக்கவில்லை.

அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தவைத்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டினார்கள். கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டினார்கள். கடைசியில் தட்டோடு வேறு. மெட்ராஸ் டெரஸ் என்று பேர் வாங்கிய அந்தத் தளத்தில் வெயில் கீழே இறங்கத் திணறியது. நம்மவர் வெயிலுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுக்கவில்லை.

அவர் போட்ட தளத்தின் நாணயத்தை என்னவென்பது! பகல் முழுதும் வாங்கிய சூட்டில் ஒரு பங்கைத் தவறாமல் கீழே இறக்குகிறது. அதுவும் ஆளில்லாத வீட்டில் கொட்டி வீணாக்காமல், நாம் வேலை முடிந்து திரும்பும்வரை பொறுத்திருந்து தருகிறது. கான்கிரீட் சூட்டை மெதுவாகக் கடத்துவதால் உச்சிவெயில் உள்கூரைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். வைகாசி மாதத்தில் ராத்திரி பத்து மணிக்குக் கட்டில்மேல் ஏறி நின்று கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்போதுதான் இறக்கிவைத்த இட்லிப் பானை மூடிபோலச் சுடும். மின்விசிறி அதை அறையில் உள்ள எல்லோருக்கும் பாரபட்சமின்றிப் பங்கிட்டுத் தருகிறது.

ஏ.சி.க்கும் அவர் வேலை கொடுத்தார். 2020 முதல் நட்சத்திரக் குறி பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறார்கள். மேல்மாடிக்காரருக்கு அந்தப் பேராசை கிடையாது. காற்று 24 டிகிரிக்கு வந்த பிறகும் கூரை மேலிருந்து நெற்றியில் காய்வதால், அவர் 20, 18 என்று இறங்கிக்கொண்டே போகிறார். கம்ப்ரஸர் ஒரு நிமிஷம் ஓய்வதில்லை. அதன் வெளி யூனிட்டையும் நிழல் படாத மொட்டைமாடி மூலையிலேயே வைத்து, கொதிக்கும் காற்றிலேயே சூட்டைத் தள்ளும் உடற்பயிற்சி அளித்திருக்கிறார்கள்.

குடியிருப்போர் சங்கத்தையும் விட்டுவிடக் கூடாது. ஒழுகலை அடைக்கத் தளம் முழுக்கச் செங்காவி நிறத்தில் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தார்கள். வெள்ளை அடிக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, கண் கூசும் என்றார்கள். கூசத்தான் செய்யும். நல்ல வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய 80 சதவீதத்தை மேலேயே திருப்பி அனுப்பிவிடும். கண்ணைக் கூசவைப்பது அதுதான். மாடிக்கு எப்போதாவது வடாம் காயப்போட ஏறுகிறவரின் கண்ணைக் காப்பாற்ற, மேல்மாடியில் தினமும் படுப்பவரின் தூக்கத்தைக் கொடுத்த தியாகம் சிறியதல்ல.

தெலங்கானா அவசரக்கார மாநிலம். வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைகளுக்கென்று 2023இலேயே குளிர்கூரைக் கொள்கை வெளியிட்டு, அரசுக் கட்டடங்கள், வணிகக் கட்டடங்களோடு பெரிய மனையில் எழும் புதிய வீடுகளுக்கும் அதைக் கட்டாயம் ஆக்கிவிட்டது. நம் ஃபிளாட்டுகளில் அந்தப் பதற்றம் இல்லை.

மேல்மாடிக்காரர்களே, பங்குனி முடிவதற்குள் தளத்தைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு பூச்சு அடித்துவிடுங்கள். கையில் காசிருந்தால் வெள்ளை ஓடு பதியுங்கள். தூசு படிந்தால் வெள்ளை வேலை செய்யாது, அவ்வப்போது கழுவுங்கள். வெளி யூனிட்டுக்கு, காற்று போக வழிவிட்டு ஒரு நிழல் போடுங்கள். புதிதாக வீடு வாங்கப்போகிறவர்கள், சமையலறை கிரானைட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன் மாடிக்கு ஏறி, தளத்தின் மேல் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.