ஓட்டத்துக்கு டார்கெட் வைப்பது எப்படி?

மணிக்கு எத்தனை பீஸ் என்று பலகையில் எழுதிவைத்து வேலை வாங்கும் ஊர் திருப்பூர். ஆனாலும் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் அந்தக் கணக்கெல்லாம் மறந்துபோகிறது. சொந்த உடம்புக்கு இலக்கு வைக்க விரும்பும் முதலாளிகள், மேனேஜர்கள், மெர்ச்சன்டைசர்களுக்குச் சில யோசனைகள்:

1. முதலில் டீசர்ட். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸாகப் பார்த்து எடுங்கள். நெஞ்சில் வெளிநாட்டு மாரத்தான் பெயர் இருந்தால், ஓடாமலே 42 கிலோமீட்டர் முடிந்த களை வந்துவிடும்.

2. இலக்கை மொட்டையாக வையுங்கள். "இந்த வருஷம் ஃபிட் ஆயிடணும்." எண்ணும் இல்லை, தேதியும் இல்லை, தோற்கவே முடியாது. பையர் மட்டும் "நல்ல துணியா, சீக்கிரமா" என்று ஆர்டர் கொடுத்தால், ஜிஎஸ்எம் எத்தனை, ஷிப்மெண்ட் என்றைக்கு என்று துளைத்தெடுங்கள்.

3. "இந்த ஷிப்மெண்ட் போகட்டும்" என்று தள்ளிப்போடுங்கள். அடுத்தது தயாராக இருக்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்து, "நாளெல்லாம் பெடல் மிதிச்சதே போதுஞ்சாமி" என்று வீட்டுக்குப் போகும் டெய்லர் அக்காவுக்கு இந்தக் குறிப்புகள் அல்ல. அவருடைய டார்கெட்டை எழுதியவருக்கு.

4. நம் மாவட்டத்துத் தருண் அய்யாசாமியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 48.96 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். 2019 மார்ச்சில், பாட்டியாலாவில், 48.80. இடைப்பட்ட ஏழு மாத உழைப்பில் குறைந்தது 0.16 விநாடி. நீங்கள் முதல் வாரமே பத்து நிமிஷம் குறைக்கத் திட்டமிடுங்கள். மிச்சத்தை முட்டி பார்த்துக்கொள்ளும்.

5. தப்பித்தவறி உண்மையாகவே முன்னேற ஆசை வந்தால், கையில் இருப்பதற்கு மட்டும் இலக்கு வையுங்கள். பதக்கம் பக்கத்து லேன்காரரின் வேகத்தையும் பொறுத்தது. தருணின் ஓட்டத்தில் 10 தடைகள், நடுவே 35 மீட்டர்; அதை எத்தனை எட்டில் கடப்பது என்பதைத்தான் பழக முடியும். அந்த இலக்கில் எண்ணும் இருக்கட்டும். அமெரிக்காவில் மரம் ஏற்றும் லாரிக்காரர்களிடம், முடிந்தவரை ஏற்றச் சொன்னபோது அனுமதித்த எடையில் 60 சதவீதம் அளவுக்கே ஏற்றினார்கள். 94 என்று எண்ணைச் சொன்னதும் கிட்டத்தட்ட அதை எட்டினார்கள் என்கிறது 1975-இல் வந்த ஆய்வு. ஆகவே: செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணி, சிக்கண்ணா கல்லூரி மைதானம், இருபது நிமிஷம், முடித்ததும் நோட்டில் ஒரு வரி.

6. ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக ஓடிச் சரிக்கட்டாதீர்கள். உடம்பு ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம் தருவதில்லை.