மடியில் மூன்று பாம்பு

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பாம்பு வாங்கின கையை அந்தப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டார்கள். புதுப் புடவை, புது பைக் என்றால் தெருக்கோடிவரை காட்டியதும் ஆசை அடங்கிவிடும். புதுப் பாம்பு அப்படியில்லை. பார்க்க ஆள் வேண்டும்; பார்த்து அலறுகிற ஆளாக இருந்தால் இன்னும் உத்தமம். கொலுவுக்குக் கூப்பிட்டவர்கள் சுண்டலாவது கொடுப்பார்கள். இங்கே அதுவும் கிடையாது.

வியாதி பழசு. மாவீரன் அலெக்சாந்தரின் தாயார் ஒலிம்பியாஸ் அம்மாள் பெரிய பெரிய பாம்புகளைப் பழக்கி வைத்திருந்தார். பூசை நேரத்தில் கூடைக்குள்ளிருந்து அவை தலைநீட்ட, ஆண்பிள்ளைகள் வெலவெலத்துப் போனார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஒருநாள் தூங்கும் அம்மாளின் பக்கத்தில் ஒரு பாம்பு காலை நீட்டாத குறையாகப் படுத்திருந்ததைக் கணவர் பிலிப் பார்த்துவிட்டார். கிரேக்கத்தையே அடக்கிய மனுஷர், அதற்குப் பிறகு அந்த அறைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாராம். யார்தான் போவார்கள்?

ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியஸ் தன் பாம்புக்குக் கையால் ஊட்டினார். ஒருநாள் ஊட்டப் போனால், பாம்பை எறும்பு தின்று தீர்த்திருந்தது. கூட்டத்திடம் ஜாக்கிரதை என்று அதற்கு அர்த்தம் சொன்னார்கள். ரோம் நகரின் மதில் கண்ணில் படும் தூரம்வரை வந்தவர், உள்ளே நுழையாமலே திரும்பிவிட்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க்கில் ரேமண்ட் டிட்மார்ஸ் என்று ஒரு பையன். அப்பா அம்மா வீட்டு மாடி முழுக்கப் பாம்பு. நமக்கு ஊரிலிருந்து ஊறுகாய் ஜாடி வருகிற மாதிரி அவனுக்குத் திரினிடாட் தீவிலிருந்து மோல் என்ற நண்பர் பாம்பு அனுப்புவார். ஒரு தடவை வந்த பெட்டியில் புஷ்மாஸ்டர் இருந்தது. அமெரிக்கக் கண்டங்களிலேயே நீளமான விஷப்பாம்பு. திறந்துவிட்டதும் அது நேரே பையனை நோக்கி வர, தன் வீட்டு மாடியில் தானே அவன் பின்வாங்கிப் பின்வாங்கி நகர்ந்தான். கடைசியில் காப்பாற்றியது துடைப்பம். இவ்வளவு பட்டும் திருந்தவில்லை. 1899-ல் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பிரிவுக்கே அவனைப் பொறுப்பாக்கினார்கள். அம்மாவுக்கு மாடி திரும்பக் கிடைத்திருக்கும்.

ஆனால் இந்த விஷயத்தில் வெள்ளை மாளிகையை மிஞ்ச ஆளில்லை. 1901-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாகக் குடிவந்தபோது மூத்த மகள் ஆலிஸுக்கு வயது பதினேழு. அவளிடம் ஒரு பச்சைப் பாம்பு இருந்தது. பெயர் எமிலி ஸ்பினாச். நிறம் கீரை மாதிரி இருந்ததால் ஸ்பினாச். எமிலி? சித்தியின் தங்கை பெயர். அந்த அம்மாள் ஒல்லியாக இருப்பாராம். அதற்காக ஒரு பாம்புக்கு உறவுக்காரர் பெயரை வைக்கிற தைரியம் ஜனாதிபதி மகளுக்குத்தான் வரும். விருந்துகளுக்குக் கைப்பையில் எமிலியையும் கொண்டுபோவாள். நாட்டை ஆளலாம், இல்லை ஆலிஸை மேய்க்கலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று தகப்பனார் கைவிரித்தது பிரசித்தம்.

ஆலிஸாவது ஒன்றோடு நின்றாள். கடைக்குட்டி க்வென்டின் மொத்த வியாபாரம். 1907 செப்டம்பர், அவனுக்குப் பத்து வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆய்ஸ்டர் பே ஊரில் இருந்த குடும்ப வீட்டில் கோடை விடுமுறையில் இரண்டு பாம்பு சேர்த்திருந்தான். ஒன்று காணாமல் போய், ஊருக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு காலி அறையில் அகப்பட்டது. அதை அவிழ்த்துவிட்டுவிட்டு மற்றதோடு வாஷிங்டன் வந்தான். வழியில் அது ஒருமுறை பெட்டியிலிருந்து நழுவியது, ஒருமுறை தரையில் கொட்டியது. இதெல்லாம் நான் கட்டுவதல்ல. அப்பாவே இன்னொரு மகன் ஆர்ச்சிக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

வந்த அன்றே பிராணிக் கடைக்குப் போனான். கடைக்காரர், பையன் பொழுதைப் போக்கட்டும் என்று மூன்று பாம்பைக் கொடுத்தனுப்பினார். ஒன்று பெரிய கிங் ஸ்னேக், மற்ற இரண்டும் பொடிசு. நம்மூர் ராஜநாகம் என்று பயப்பட வேண்டாம், இதற்கு விஷமில்லை. மற்றப் பாம்புகளைத் தின்னும், அவ்வளவுதான். ராஜா என்ற பட்டமே அதனால் வந்தது.

காலில் ரோலர் ஸ்கேட்டோடு க்வென்டின் ஜனாதிபதி அறைக்குள் பாய்ந்தான். உள்ளே அப்பா, அட்டர்னி ஜெனரலோடு நாட்டு விவகாரம் பேசிக்கொண்டிருந்தார். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் சார்லஸ் போனபார்ட். ஆமாம், அந்த போனபார்ட்டேதான். நெப்போலியனின் தம்பி ஜெரோமின் பேரன். பரம்பரையில் வாட்டர்லூவைப் பார்த்த குடும்பம். மூன்று பாம்பும் ஜனாதிபதி மடியில் இறங்கின. மடியில் கனமிருந்தால் வழியில் பயம். இங்கே பயம் எதிர் நாற்காலியில் இருந்திருக்கும். கிங் ஸ்னேக் சற்று முன்னால்தான் ஒரு பொடிசை விழுங்கப் பார்த்திருந்தது. ரஷ்யாவையும் ஜப்பானையும் சமாதானப்படுத்தி முந்தைய வருஷம் நோபல் பரிசு வாங்கியவர், தன் மடியிலேயே சண்டை மூளாமல் பார்க்கவேண்டிய நிலை.

ராஜதந்திரம் கைகொடுத்தது. அடுத்த அறையில் நான்கு காங்கிரஸ் உறுப்பினர்கள் பேட்டிக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். "அவர்களிடம் காட்டேன்" என்றார். தன் இனத்தாரைப் பார்க்கப் போகிறோம் என்ற நம்பிக்கையோடு பையன் ஓடினான். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா?

மரப்பாம்பு என்று அவர்கள் முதலில் சிரித்திருக்க வேண்டும். மரம் நெளிந்ததும் பின்னால் நகர்ந்தார்கள். அதற்குள் மூன்று நான்கு அடி நீளக் கிங் ஸ்னேக் க்வென்டினின் சட்டைக் கைக்குள் ஏறிவிட்டது. வாலைப் பிடித்து இழுத்தால் செதில் சிக்கும். கடைசியில் ஒரு காங்கிரஸ் உறுப்பினர், விரல் நுனியால் பையனின் கோட்டைக் கழற்றி, பாம்பு மேல்வழியாக வெளியேற உதவிக்கொண்டிருந்ததைத்தான் ஜனாதிபதி பார்த்தார். வோட்டுப் போட்டு அனுப்பிய ஜனங்களுக்கு அவர் செய்த சேவைகளில் இது எந்தக் கணக்கில் வருமோ.

போனபார்ட் அடுத்த வருஷம் ஒரு துப்பறியும் படையைத் தொடங்கினார். பிற்காலத்தில் எஃப்.பி.ஐ. ஆனது அதுதான். இந்தப் பாம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றே நினைக்கிறேன்.

ஆய்ஸ்டர் பேயில் அவிழ்த்துவிட்ட பாம்பு என்ன ஆயிற்று என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. ரூஸ்வெல்ட்டின் அந்த வீடு, சாகமோர் ஹில், இன்று அருங்காட்சியகம். போகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் எதற்கும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள்.