கடலோடியின் காகிதங்கள்: முத்திரையியல் நோக்கில் ஓர் ஆய்வு

இக்கட்டுரை என்னுதலிற்றோ எனின், சொந்தப் பாய்மரப் படகில் இங்கிலாந்தின் தென்கரையை விட்டு அயல்நாட்டுத் துறைமுகத்துக்குப் புறப்படும் ஒருவர் உடன்கொண்டு செல்லவேண்டிய காகிதங்களின் வகையும் தொகையும் உணர்த்துதல் நுதலிற்று. காற்று, அலை, நங்கூரம், விண்மீன் ஆகிய சில்லறைப் பொருள்களைப் பற்றி நூல்கள் ஏற்கெனவே மலிந்துவிட்டதால் அவை ஆய்வெல்லைக்குள் வரா. படகு மிதக்குமா என்ற வினாவும் வராது. அதைத் துறைமுகத்தில் யாரும் கேட்பதில்லை.

கருதுகோள்: ஓர் ஆவணத்துக்குக் கிடைக்கும் மரியாதை, அதன் சட்ட வலிமைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும். முடிவை முதலில் எழுதிவைத்துக்கொண்டு தரவு தேடப் புறப்படுவது நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றிய நெறி. இங்கும் அதிலிருந்து இம்மியும் விலகவில்லை.

ஆவணங்கள் மூவகைப்படும்: படகுக்கு உரியன, ஆளுக்கு உரியன, இரண்டுக்கும் உரியன அல்லாதன. மூன்றாம் வகையே பெரிது.

பதிவுப் படலம்

பிரிட்டனின் கப்பல் பதிவேட்டில் உல்லாசப் படகுக்காரர் நாடுவது முதற்பகுதியை அல்லது மூன்றாம் பகுதியை. மூன்றாம் பகுதி சிறுகலப் பதிவேடு எனப்படும். 24 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கானது, ஐந்தாண்டு செல்லும். உரிமையாளரே நாடா பிடித்து அளந்து நீளத்தைச் சொல்லிவிடலாம். கைக்கு வரும் சான்றிதழ், படகு அவருடையதுதான் என்பதற்குச் சான்றாகாது. அயல் துறைமுகத்தில் முதலில் கேட்கப்படுவது இதுவே. நகலைக் காட்டினால் மூலம் எங்கே என்பார்கள். கருதுகோள் முதல் தரவிலேயே நிறுவப்பட்டுவிட்டதைக் காண்க.

முதற்பகுதியோ மெய்யாகவே உரிமையைக் காட்டுவது. அளவையாளர் ஒருவர் வந்து டன் கணக்குப் பார்ப்பார். பிறகு கலத்தின் எண்ணை முதன்மை உத்தரத்தில் செதுக்கவேண்டும். செதுக்குதல் என்றால் உளியால் செதுக்குதலே என்பார் முதல் உரைகாரர். பலகையில் பொறித்துப் பசைபோட்டு ஒட்டினாலும் செதுக்குதலே என்பார் இரண்டாம் உரைகாரர். கண்ணாடியிழைப் படகில் உத்தரமே இல்லையே என்று கேட்ட மாணவரை இருவரும் சேர்ந்து வெளியேற்றினர்.

ஆட்படலம்

பிரிட்டிஷ் கடலில் உல்லாசப் படகு ஓட்ட உரிமம் எதுவும் வேண்டாம். வாங்கிய அன்றே பாய் விரித்துக் கிளம்பலாம். அயல்நாட்டில்தான் தகுதி கேட்பார்கள். அதற்கென்றே ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 40ஆம் தீர்மானப்படி பன்னாட்டுத் தகுதிச் சான்றிதழ் ஒன்று உண்டு. ஊரில் யாரும் கேட்காத தகுதியை ஊராருக்குக் காட்ட வாங்கிவைப்பது முனைவர் பட்டத்துக்கும் பொருந்தும் என்பதால் இதை மேலும் விரிக்கவில்லை.

ரேடியோ: கருவிக்கு ஓர் உரிமம், அதில் பேசுபவருக்கு ஒரு சான்றிதழ். கேட்பவருக்கு இதுவரை இல்லை.

தங்கும் காலம்: ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் விலகியபின், ஷெங்கன் நாடுகளில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். அவருடைய படகோ தற்காலிக இறக்குமதி விதிப்படி 18 மாதம் தங்கலாம். படகு ஒருமுறை துருக்கிப் பக்கம் போய்வந்தால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து. உரிமையாளர் அப்படி எட்டிப்பார்த்துத் திரும்பினால் ஒரு பயனும் இல்லை. இவ்விருவரில் குடியுரிமை கேட்க அதிகத் தகுதி யாருக்கு என்பது தனி ஆய்வேட்டுக்கு உரியது.

கொடிப் படலம்

மஞ்சள் கொடி ஏற்றுக.

முத்திரைப் படலம்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலை. படகின் பெயர், பதிவு எண், பதிவுத் துறைமுகம் ஆகியவற்றைப் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள் என்று தூரக்கடல் போனவர்கள் புதியவர்களுக்குத் தவறாமல் சொல்வார்கள். அப்படி ஒன்று வேண்டும் என்று பதிவேட்டுச் சட்டம் சொல்லவில்லை. எந்த அலுவலகமும் அதை வழங்குவதில்லை. தெருமுனைக் கடையில் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். குடியேற்றம், சுங்கம், சுகாதாரம், துறைமுகம் என்று நான்கு மேசைக்கும் நீட்டும் மாலுமிப் பட்டியலில் அது பதிந்ததும் மேசைக்கு அந்தப்புறத்து முகம் தெளிகிறது. சட்ட வலிமை சுழியம், மரியாதை உச்சம்.

முத்திரையின் வடிவம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. வட்டமே வேண்டும் என்பது முதல் உரைகாரர் கொள்கை. வட்டம் அரசாங்கத்தை நினைவூட்டும். நீள்சதுரம் போதும் என்பார் இரண்டாம் உரைகாரர். அவர் சுங்கத்தில் நெடுநேரம் உட்காரவைக்கப்பட்டார் என்று முதல் உரையின் மறுபதிப்பில் ஒரு குறிப்பு காணப்படுகிறது. நடுவில் நங்கூரம் வரையலாமா, டால்பின் வரையலாமா என்ற சிக்கலை மூன்றாம் உரைகாரர் எடுத்துக்கொண்டார். அவருடைய சுவடி டீசலில் ஊறிப்போனதால் விடை தெரியவில்லை. நான்காம் உரைகாரர், மூன்றாமவர் ஓரத்தில் பென்சிலால் குறித்து அழித்த ஒரு கருத்தை மறுத்து, அது கருத்தே அன்று, காபிக் கறை என்று முந்நூறு பக்கத்தில் நிறுவினார். அந்நூலுக்கு அணிந்துரை தந்த ஐவரும் அவர் நெறிப்படுத்திய மாணவர்கள். ஐந்து அணிந்துரையிலும் அதே எழுத்துப்பிழைகள் காணப்படுவது பள்ளியின் கட்டுக்கோப்பைக் காட்டும்.

முத்திரையின் தொன்மையைச் சொல்லாமல் விட்டால் தமிழாய்வு என்று யாரும் ஏற்கமாட்டார்கள். எனவே சிந்துவெளிக்குச் செல்வோம். அங்கே கிடைத்த மாக்கல் முத்திரைகளில் மிகுதியாக வருவது ஒற்றைக்கொம்பு விலங்கு. எழுத்துகள் சராசரியாக ஐந்து அளவில்தான். இவ்வளவு சிறிய வாசகத்தில் என்ன சொல்லமுடியும் என்று அறிஞர் பலர் திகைத்திருக்கின்றனர். 1977இல் ஐராவதம் மகாதேவன் பாடுபட்டுத் தொகுத்த குறியீட்டு அட்டவணை நூலகத்தில் இருக்கிறது. அதைத் திறக்கும் சிரமம் இல்லாமலே எழுத்தைப் படித்து முடித்துவிட்டதாக அறிவிப்பவர்களும் அவ்வப்போது வருகிறார்கள். அவ்வரிசையில் நானும் சேர்கிறேன். வாசகம் சிறிது, ஏனெனில் அது படகின் பெயரும் பதிவு எண்ணும். விலங்கு, மேசைக்கு அந்தப்புறத்தில் இருப்பவர். அவர் முன்னே ஏதோ ஒரு பாத்திரம் வைக்கப்பட்டிருப்பதையும் ஆய்வாளர்கள் கவனிக்கவேண்டும்.

தனியாளாகச் செல்பவரின் நிலையையும் இங்கேயே பேசிவிடுதல் முறை. 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனில் ‘ஸ்பிரே’ என்ற படகேறி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டில் வந்து இறங்கிய ஜோஷுவா ஸ்லோகம், உலகைத் தனியாகச் சுற்றிய முதல் மனிதர். அவர் வழியில் இன்று செல்பவரும் மாலுமிப் பட்டியல் கொடுத்தாகவேண்டும். தலைவர் என்ற இடத்தில் தம் பெயர், கீழே கையொப்பம், அதன்மேல் முத்திரை. தமக்குக் கீழ்ப்பணிபுரிவோர் எவரும் இல்லை என்பதற்குத் தாமே உறுதி. வழியில் எவரும் கலத்தைவிட்டு ஓடவில்லை என்பதற்கும் தாமே.

எஞ்சியவை

வரி ரசீது. படகு வாங்கும்போது மதிப்புக்கூட்டு வரி கட்டியதற்குக் காகிதம் வேண்டும். ஐரோப்பிய ஒற்றைச் சந்தை பிறந்தபோது, 1985க்கு முன்பே பயன்பாட்டில் இருந்து, 1992 டிசம்பர் 31 நள்ளிரவில் ஒன்றியத்துக்குள் நின்ற படகுகள் வரி கட்டியவையாகவே கொள்ளப்பட்டன. முதுமையே ரசீதான அரிய நேர்வு.

எண்ணெய். பிரிட்டனில் படகுக்கு விற்கும் டீசலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். கடல் கடந்தால் அந்த நிறம் வரி ஏய்ப்பின் அடையாளம். பெல்ஜியச் சுங்கத்தார் தொட்டியைச் சோதித்து அபராதம் போட்ட காலமும் உண்டு. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2018இல் பிரிட்டனுக்கு எதிராகவே தீர்ந்தது. ஆகவே தொட்டியில் இருப்பதும் ஓர் ஆவணமே. அதற்கு ரசீது வைத்துக்கொள்வது உரைக்கு உரை எழுதுவது போன்றது.

கலாபகஸ் தீவுகளில் முங்குவோர் நீருக்கடியில் இறங்கிப் படகின் அடிப்புறத்தைப் பார்ப்பார்கள். சிப்பியும் பாசியும் ஒட்டியிருந்தால் ஆழ்கடலுக்குத் திரும்பிப்போய்ச் சுரண்டிவிட்டு வரவேண்டும். பூச்சி மருந்தடித்த சான்றிதழும் உண்டு. இக்கட்டுரையில் படகின் அடிப்புறத்தைப் பார்த்தவர்கள் இந்த முங்குவோர் மட்டுமே; எனவே விதிவிலக்காகக் கொள்க.

மேலாய்வுக் களங்கள்

மாலுமிப் பட்டியலில் பூனையின் இடம். நான்காம் நகலின் தலைவிதி. துருக்கியின் மூலா கரையோரத்தில் படகின் கழிவுத் தொட்டியை எப்போது, எங்கே காலிசெய்தார்கள் என்று பதியும் நீல அட்டை. இதற்கு நெறியாளர் கிடைத்துவிட்டார், நிதியும் வந்துவிட்டது, களப்பணிக்குத்தான் மாணவர் யாரும் முன்வரவில்லை.