ஆடி மாதத்து ஜாஸ்

ஹூஸ்டனிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் ஏறக்குறைய 350 மைல். காரை ஓட்டியது நான், பேசியது சேதுவும் பாண்டியும். சேதுவுக்கு ஹூஸ்டனில் இருபத்திரண்டு வருஷ வாசம். ஜாஸ் இசைத்தட்டுகளுக்கென்று வீட்டில் தனி அறை, அந்த அறைக்குத் தனி ஏசி. பாண்டிக்கு மதுரையில் ஹார்டுவேர் கடை. மகளைப் பார்க்க டெக்சாஸ் வந்தவனை, "கல்லூரி நண்பர்கள் நாலு பேரும் ஒரு ட்ரிப்" என்று சொல்லிப் பிடித்து வந்துவிட்டோம். நாலாவது ஆள் இஸ்மாயில் தூங்கிக்கொண்டே வந்து தூங்கிக்கொண்டே திரும்பினான். பயணத்தை முழுதாக அனுபவித்தவன் அவன் ஒருவன்தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆகஸ்ட் முதல் வாரம், சனிக்கிழமை காலை. ஜாக்சன் சதுக்கத்துக்கு எதிரே கஃபே டு மாண்ட்.

பாண்டி: அக்னி நட்சத்திரத்துக்குத் தப்பிச்சுப் பிளைட் ஏறுனேன்டா. நீ என்னையக் கொண்டாந்து இட்லிக் கொப்பரைக்குள்ள உக்கார வச்சுட்ட.

சேது: இந்தப் புழுக்கத்துலதான்டா ஜாஸ் பொறந்துச்சு.

பாண்டி: எனக்கு வேர்க்குருதான் பொறந்துருக்கு. அது சரி, இம்புட்டுப் பெரிய ஊர்ல ரூம் எப்படி இம்புட்டுச் சல்லிசாக் கெடச்சது?

சேது: ஆகஸ்ட்ல வெயில், புயல் பயம், ஒருத்தனும் வர மாட்டான். பெரிய பெரிய ரெஸ்டாரண்டே ஆள் பிடிக்கறதுக்காக இந்த மாசம் மட்டும் விலையக் கொறச்சு மூணு கோர்ஸ் சாப்பாடு போடுது.

பாண்டி: ஆடித் தள்ளுபடி.

சேது: அப்படிச் சொல்லாதடா. அசிங்கமா இருக்கு.

(காபி வந்தது. கூடவே சதுரம் சதுரமாகப் பொரித்த மாவு, தட்டுக்கு மூன்று, மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குச் சீனிப் பொடி. பெயர் பென்யே.)

சேது: மொதல்ல காபிய மோந்து பாரு. அந்தக் கசப்புக்குப் பின்னால ஒரு வறுத்த மண்வாசனை வருதா? சிக்கரி! இந்தக் கடை 1862-லேர்ந்து இருக்கு. நெப்போலியன் காலத்துல கடல்ல மறிச்சதால பிரான்ஸுக்குக் காபிக்கொட்டை தட்டுப்பாடு. சிக்கரி வேரை வறுத்துக் கலந்தான். அந்தப் பழக்கம் இங்க வந்துச்சு. அப்புறம் உள்நாட்டுப் போர்ல வடக்குக்காரன் கப்பற்படை இந்தத் துறைமுகத்த மறிச்சப்ப, சிக்கரிதான் காபியக் காப்பாத்துச்சு. ஒரு ஊரோட துயரத்தையே குடிக்கிறடா நீ.

பாண்டி: சேது, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் வீட்டுக்கு வந்தியே, ஞாபகம் இருக்கா?

சேது: ஏன், இருக்கே.

பாண்டி: என் சம்சாரம் பித்தளை டபராவுல காபி கொண்டாந்து குடுத்தா. ஒரு வாய் குடிச்சுட்டுக் கீழ வச்ச. "சிக்கரி கலந்துருக்கு, இது காபியே இல்ல"ன்னு சொன்ன. அன்னிலேர்ந்து உன் பேரே எங்க வீட்டுல "சிக்கரி"தான்.

சேது: அது வேற. பாக்கெட் போடுறவன் காசு மிச்சம் பிடிக்கக் கலக்கறது.

பாண்டி: 49 சதம் வரைக்கும் கலக்கலாம்னு நம்ம சர்க்காரே விட்டுருக்கு. பாக்கெட்டுலயே அச்சடிச்சுருக்கான். எங்க வீட்டுல கலந்தா கலப்படம், இங்க கலந்தா கலாச்சாரம்?

சேது: நீ பென்யே சாப்பிடு. கடிக்கிறப்ப மூச்ச உள்ள இழுக்காத...

(இழுத்தான். இருமினான். எதிரே சேது போட்டிருந்த கறுப்பு டீ-ஷர்ட்டில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் கன்னம் உப்ப ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார். அடுத்த நொடி அவருக்கு விபூதி அபிஷேகம் முடிந்திருந்தது.)

பழைய நாணயச் சாலை இப்போது ஜாஸ் அருங்காட்சியகம். அதன் புல்வெளியில்தான் ஆம்ஸ்ட்ராங் பிறந்த நாளுக்கு வருஷாவருஷம் கோடை விழா. அவர் பிறந்து நூறு வருஷம் ஆன 2001-ல் ஆரம்பித்தது. மேடைக்கு எதிரே ஒரு மரம், மரத்துக்குக் கீழே மனிதர்கள் அடித்துப் பிடித்துச் சம்பாதித்த நிழல். பாண்டி அதில் ஒரு துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தான். அமெரிக்காவில் துண்டு போட்டு இடம் பிடித்த முதல் மனிதன் அவனாக இருக்கலாம். என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

சேது: பாவம், அவருக்கே தன் பொறந்த நாள் தெரியாதுடா. 1900 ஜூலை 4-ன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டு 1971-ல செத்துப்போனார். அப்புறம் 1980-கள்லதான் ஒருத்தர் சர்ச்சுல ஞானஸ்நானப் பதிவேட்டப் புரட்டி, 1901 ஆகஸ்ட் 4-ன்னு கண்டுபிடிச்சார்.

பாண்டி: எங்க அப்பாவுக்கு ஜூன் 1. அவரு கூடப் படிச்ச அத்தனை பேருக்கும் ஜூன் 1. ஹெட்மாஸ்டர் போட்டது. இதுக்குப் போய் ஏன்டா கண் கலங்குற?

சேது: அது மேதையோட வாழ்க்கைடா! பதினோரு வயசுப் பையன், புதுவருஷ ராத்திரி வானத்தப் பாத்துத் துப்பாக்கியால சுட்டான். போலீஸ் பிடிச்சு அனாதைப் பசங்க இல்லத்துல போட்டுச்சு. அங்க பேண்டு வாத்தியத்துல கார்னெட் கத்துக்கிட்டதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

பாண்டி: அப்ப போலீஸ் பிடிச்சதுனாலதான் சங்கீதம் வந்துச்சு.

சேது: அப்படிக் கொச்சையாச் சொல்லக் கூடாது.

பாண்டி: சரி, பசிக்குது.

மதியம் ஒரு போ-பாய் வாங்கிப் பாதிப் பாதியாகத் தின்றோம். முழங்கை நீள ரொட்டிக்குள் பொரித்த இறால். 1929-ல் ட்ராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னாள் ட்ராம்காரர்களான மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சாண்ட்விச். போராட்டக்காரன் ஒருவன் வந்தால் "இன்னொரு ஏழைப் பையன் வர்றான்" என்பார்களாம். பெயர் அதிலிருந்து வந்தது என்பது ஊரில் சொல்லும் கதை. பில்லைப் பார்த்துவிட்டு, "இதைத் திங்க முடிஞ்சவன் எப்படிடா ஏழைப் பையன்?" என்றான் பாண்டி. சேது பதில் சொல்லவில்லை. அவன் கவனமெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த கம்போ குழம்பின் மீது. இரவு அதுவும் மேசைக்கு வந்தது.

சேது: மாவையும் கொழுப்பையும் சின்னத் தீயில விடாமக் கிண்டணும். சாக்லேட் கலருக்கு வரணும். அதுக்குப் பேரு ரூ. ஒரு நிமிஷம் கையெடுத்தாக் கருகிடும். அப்புறம் வெங்காயம், செலரி, குடமிளகாய். இந்த மூணையும் இங்க புனித மும்மூர்த்திம்பாங்க.

பாண்டி: உள்ள வழவழன்னு என்னமோ மெதக்குதே.

சேது: ஓக்ரா! அதுதான்டா கம்போவே. ஆப்பிரிக்காவுல வெண்டைக்காய்க்குப் பேரு கி-ங்கோம்போ. அடிமையாப் பிடிச்சுக் கப்பல்ல ஏத்தி வந்த ஜனங்களோட காயும் வந்துச்சு, பேரும் வந்துச்சு.

பாண்டி: வெண்டைக்காயா! ஹாஸ்டல் மெஸ்ல வியாழக்கிழமை வெண்டைக்காய்ச் சாம்பார்னா நீ தட்டத் தூக்கிட்டு ஓடுவியேடா. "மூக்குச் சளி மாதிரி இருக்கு"ன்னு வார்டன்கிட்ட மனு குடுத்த ஆளு நீ.

(கையெழுத்துப் போட்ட பதினேழு பேரில் நானும் ஒருவன். வாய் திறக்கவில்லை.)

சேது: அவன் சரியா வதக்க மாட்டான்.

பாண்டி: இவனும் வதக்கலையே. கலாச்சாரம்டா. ஆனா நல்லாருக்கு. இன்னும் கொஞ்சம் சோறு கேளு.

ராத்திரி ப்ரிசர்வேஷன் ஹால். 1961-ல் தொடங்கிய இடம். பெரிய மண்டபத்தை எதிர்பார்த்துப் போனால் கிராமத்து ரேஷன் கடை அளவுக்கு ஒரு அறை. காரை பெயர்ந்த சுவர், மரப் பெஞ்சு, இடம் கிடைக்காதவர்களுக்குத் தரையில் மெத்தை. சாப்பாடு கிடையாது, மது கிடையாது. வாசிப்பவர்களின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். முன்வரிசையில் என் மடியில் ட்ரம்போனின் குழாய் மூன்று தடவை வந்து போயிற்று.

பாண்டி: மூணு பேரும் ஒரே நேரத்துல பேசுறானுக.

சேது: (கிசுகிசுப்பாக) அதுதான் நியூ ஆர்லியன்ஸ் பாணி. ட்ரம்பெட் மெட்டப் பிடிச்சுக்கிட்டுப் போகும். கிளாரினெட் மேல கொடியாப் பின்னும். ட்ரம்போன் கீழ முட்டுக் குடுக்கும். ஒருத்தன் சொல்றத இன்னொருத்தன் கேட்டுக்கிட்டே பேசுறான்.

பாண்டி: கேட்டுக்கிட்டே பேசுறானா? அப்ப எங்க குடும்பத்துப் பேச்சுவார்த்தைய விட மேல்தான்.

சேது: உஷ்.

பாண்டி: சீட்டு எழுதிக் குடுத்தா, கேட்டதை வாசிப்பாங்களா?

சேது: மானத்த வாங்காத. "செயிண்ட்ஸ்" பாட்டக் கேட்டுக் கேட்டு வாசிக்கிறவங்களுக்கே அலுத்துப்போச்சு. மத்தப் பாட்டுக்கு ஒரு ரேட்டு, செயிண்ட்ஸ்னா கூடுதல் ரேட்டுன்னு பலகையே எழுதி மாட்டின இடம் இது. அது டூரிஸ்ட் பாட்டு. விஷயம் தெரிஞ்சவன் கேக்க மாட்டான்.

பாண்டி: நான் டூரிஸ்ட்தானடா?

(எழுந்து போய்க் காசை வைத்துவிட்டு வந்தான். ட்ரம்பெட்காரர் சிரித்தார். அறை முழுக்கப் பாடியது. ஒரு பாட்டி எழுந்து ஆடினாள். சேது தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் அவன் செருப்பு தாளம் போட்டதை நான் பார்த்தேன். இரண்டாவது, நாலாவது அடியில் சரியாக விழுந்தது.)

ஞாயிற்றுக்கிழமை ட்ரெமே. அந்தப் பேட்டையின் செயிண்ட் அகஸ்டின் தேவாலயத்தில் ஜாஸ் பூசை முடிந்ததும் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பேண்டு, பின்னால் ஜனம். சேது ஏற்கெனவே கைக்குட்டை வாங்கி வைத்திருந்தான். வெள்ளை, கஞ்சி போட்டது.

சேது: பேண்டும் சங்கத்துக்காரங்களும் முதல் வரிசை. பின்னாடி சேர்ந்து ஆடுற நாமதான் செகண்ட் லைன். இதோட வேரு சாவு ஊர்வலத்துல இருக்கு. கல்லறைக்குப் போறப்ப அழுகை மெட்டு. அடக்கம் முடிஞ்சதும் ட்ரம் சட்டுன்னு வேகமெடுக்கும், ஆட்டம் ஆரம்பிக்கும். செலவுக்கு மாசாமாசம் சந்தா கட்டச் சங்கங்கள். சாவக் கொண்டாடத் தெரிஞ்ச ஒரே ஜனம்டா இது!

பாண்டி: ஒரே ஜனமா?

சேது: வேற எங்க இருக்கு?

பாண்டி: மதுரையில நீ வாடகைக்கு விட்டிருக்கியே, அந்த பிளாட்டுக்குப் பின் தெருவுல இருக்கு. நீ அசோசியேஷன்ல மொட்டக் கடுதாசி போட்டியே, "சாவு வீட்டுல கொட்டடிச்சு ஆடுறாங்க, காட்டுமிராண்டித்தனம், வாடகைக்கு இருக்கறவங்க காலி பண்ணுறாங்க"ன்னு.

சேது: மொட்டக் கடுதாசி இல்ல, ஈமெயில். பேர் போட்டுத்தான் அனுப்புனேன். அது நடுத்தெருவுலடா, ராத்திரி!

பாண்டி: இது என்ன, மொட்டமாடியா?

சேது: நீ ரொம்ப யோக்கியம்! உங்க அப்பா காரியத்துக்கு வந்து பறையடிச்சவங்க விடியவிடிய அடிச்சாங்க. காலையில பேசுன காசுல ஐந்நூறு ரூபா கொறச்சுக் குடுத்தியே, நான் பக்கத்துலதான் நின்னேன்.

(பாண்டி கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். ட்யூபா மட்டும் பும் பும் என்றது. வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியதைத் துடைக்கவும் இல்லை.)

பாண்டி: குடுத்துருக்கணும்.

சேது: நான் இப்பப் பேண்டுக்காரங்க பக்கெட்டுல இருபது டாலர் போட்டேன்.

பாண்டி: பாத்தேன். போட்டோ எடுக்கச் சொல்லிட்டுப் போட்ட.

சேது: இங்கயும் சும்மா ஒண்ணும் இல்ல, தெரியுமா? 2007-ல இதே ட்ரெமேல, செத்துப்போன ட்யூபாக்காரர் ஒருத்தருக்காகத் தெருவுல வாசிச்சுட்டுப் போனாங்க. சத்தம்னு யாரோ போலீசுக்குப் போன் போட்டு, வாசிச்சவங்கள்ல ரெண்டு பேரப் பிடிச்சுட்டுப் போனாங்க. நூறு வருஷமாச் சாவுக்கு வாசிச்ச தெரு! யாருடா அப்படிப் போன் போடுவான்? என்ன மனுஷன் அவன்?

பாண்டி: தெரியல. பிளாட் வாங்கிப் போட்டவனா இருப்பான்.

(அந்த நேரம் பார்த்துச் சேதுவின் போன் அதிர்ந்தது. இங்கே பகல் பன்னிரண்டு, மதுரையில் ராத்திரி பத்தரை. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழு.)

பாண்டி: என்னவாம்?

சேது: பின் தெரு அம்மன் கோயில்ல ஆடித் திருவிழாவாம். பத்து மணிக்கு மேலயும் கொட்டு நிக்கலையாம். 100-க்குப் போன் போடப் போறாங்க, ஓனருங்க எல்லாரும் சம்மதமான்னு கேக்குறாங்க.

பாண்டி: எத்தனை பேரு சம்மதம்?

சேது: பதினோரு கட்டைவிரல் வந்துருச்சு. என்னையத்தான் பேர் சொல்லிக் கேக்குறாங்க. நான்தான மொதல்ல ஆரம்பிச்சது.

பாண்டி: சரி, போடு. என்ன போடப் போற?

(ஊர்வலம் ஒரு முனையில் திரும்பியது. ட்ரம்பெட்காரர் எங்களுக்கு ஒரு கை தூரத்தில் வந்து, வாத்தியத்தை வானத்துக்குத் தூக்கி ஊதினார். சேதுவின் இடது கையில் கைக்குட்டை தானாக ஆடிக்கொண்டிருந்தது. வலது கைக் கட்டைவிரல் போனுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.)

சேது: டேய், அந்த ஆளக் கொஞ்சம் தள்ளிப் போய் ஊதச் சொல்லுடா. இந்தச் சத்தத்துல ஒரு வரி டைப் பண்ண முடியல.