கார் ஷெட் அகழாய்வு: முதற்கட்ட அறிக்கை

கோவை கணபதியில் என் வீட்டுக் கார் ஷெட்டில் ஆடி மாதம் முதல் நடந்துவரும் அகழாய்வின் அறிக்கை இது. கார் தெருவில் நிற்கிறது. அகழ்விடம், பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிய 900 கிலோ மில்லிங் மெஷின். பெயர்த்தகடு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு ரிவெட் ஓட்டைகள்தான் உள்ளன. அதன் பூர்வீகம் பற்றி இரு கொள்கைகள் நிலவுகின்றன. "அசல் ஜெர்மன்ங்க" என்பது இரும்புக் கடைக்காரர் கொள்கை. "லோக்கல் வார்ப்புங்க" என்பது செயின் பிளாக் கட்டி இறக்கியவர் கொள்கை. முன்னவருக்கு விலையும் பின்னவருக்கு முதுகுவலியும் இருந்ததால் இரண்டையும் சான்றாக ஏற்பதற்கில்லை.

கருவிகள்: சுரண்டி, மண்ணெண்ணெய், திருப்பூர் பனியன் வேஸ்ட் 2 கிலோ.

முதல் குழி மேசையின் டி-ஸ்லாட்டில் போடப்பட்டது. மேலே அலுமினியச் சுருள். அதன்கீழ் வார்ப்பிரும்பு; அது சுருளாக வராது, பொடியாகத்தான் உதிரும். பழைய எண்ணெயோடு சேர்ந்து கறுப்பு அல்வாவாக இறுகிக் கிடந்தது. அடியில் பித்தளை. இது பம்பு உதிரி செய்த பட்டறை என்று ஊகிக்கலாம். எங்கள் ஊரில் எதைத் தோண்டினாலும் அப்படி ஊகிக்கலாம். வார்ப்பிரும்பு அடுக்கில் காண்டாமிருகம் பொறித்த 25 பைசா ஒன்று கிடைத்தது. அந்த நாணயம் 1988க்கு முன் கிடையாது. எனவே அதன் மேலுள்ள அலுமினிய யுகம் 1988க்குப் பிந்தியது. 2011இல் 25 பைசாவே செல்லாமல் போனதால் இதுவரை யாரும் உரிமை கோரி வரவில்லை.

மேசைக்குக் கீழே ஏறி இறங்கும் பாகத்துக்குப் பட்டறையில் 'நீ' என்று பெயர். நாய்க்குட்டியையும் 'வாங்க' என்று கூப்பிடும் ஊரில் இது ஒன்றுதான் மரியாதை கிடைக்காத ஜீவன்.

இரண்டாம் குழிதான் முக்கியம். மேசையின் முன்பக்கம், நட்ட நடுவில், நாலு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மேடு. பிளேடால் குறுக்கே வெட்டிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். சந்தனம், குங்குமம், சந்தனம், குங்குமம் என மர வளையம் போல 19 அடுக்குகள். ஆயுத பூஜைக்கு ஒன்று என்றால் 19 வருஷம். பன்னிரண்டாம் அடுக்கில் சந்தனம் மட்டுமே உள்ளது. அந்த வருஷம் தொழில் மந்தமா, குங்குமம் வாங்க மறந்தார்களா என்பதை எதிர்கால ஆய்வுக்கு விடுகிறேன்.

மேட்டை முழுக்கச் சுரண்டியதும் கீழே ஒரு ஆயில் நிப்பிள் தெரிந்தது. மேசையை நகர்த்தும் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் எண்ணெய் போகிற ஒரே வழி அதுதான். குண்டுமணி அளவு வாய்; நிறைய குங்குமம்.

இனி விளைவு. ஸ்க்ரூ 5 மி.மீ. பிட்ச், டயலில் 100 கோடு. ஒரு கோட்டுக்கு 0.05. மேசை கோடியில் இருக்கும்போது கைப்பிடியைத் திருப்பினால் 6 கோடு சும்மா சுற்றுகிறது. நடுவில் 22 கோடு. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மேசை அசையவே இல்லை. டயல் மட்டும் கணக்கு எழுதுகிறது. வைஸ் நடுவில் இருப்பதால் வேலையெல்லாம் நடுவிலேயே நடந்து, ஸ்க்ரூ அங்கேயே தேய்ந்திருக்கிறது. நடுவுக்குப் பார்த்து நட்டை இறுக்கினால் கோடியில் பிடித்துக்கொள்கிறது. கோடிக்குத் தளர்த்தினால் நடுவில் கட்டர் ஜாபை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. புது ஸ்க்ரூதான் கதி. அதைக் கடைய எனக்கு ஒரு லேத் வேண்டும் என்ற துணை முடிவை வீட்டில் இன்னும் சமர்ப்பிக்கவில்லை.

ராபர்ட் உட்பரி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1960இல் மில்லிங் மெஷினுக்கென்றே ஒரு வரலாற்று நூல் எழுதினார். குங்குமம் என்ற காரணி அவர் கவனத்துக்கு வரவில்லை.

எனவே பட்டறை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஆயுத பூஜைக்குப் பொட்டு தாராளமாக வையுங்கள். ஆனால் நிப்பிளை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள்.