கன் கழற்றட்டும், கை இறுக்கட்டும்

கேள்வி: காக்கா, வீல் நட்டுக்குப் பெற்றரி இம்பெக்ட் கன் வாங்கப் போனேன். ஒன்றில் 21 வோல்ட், மற்றதில் 128 வோல்ட் என்று எழுதியிருக்கு. விலை ஒன்றுதான். பெரியதையே எடுக்கவா? (மருதமுனை வாசகர்)

பதில்: அந்த 128ஐ மறந்துவிடுங்கள். ஒரு லிதியம் செல் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையில் கோர்த்தால் 18, முழுதாகச் சார்ஜ் ஏறினால் 21. நிஜமான 128க்கு முப்பதுக்கு மேல் செல் வேண்டும். கையில் பிடிக்கும் பெற்றரிக்குள் அது எங்கே அடங்கும்? வோல்ட்டை விட்டு, முறுக்குவிசையைச் சொல்லும் நியூட்டன் மீற்றரைக் கேளுங்கள். அதிலும் கழற்றும் எண் வேறு, இறுக்கும் எண் வேறு. பெட்டியில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் கழற்றும் எண். வீட்டுக் காருக்கு மகிட்டா டீடிடபிள்யூ 285 போல 280 நியூட்டன் மீற்றர் உள்ளது போதும். உப்புக்காற்றில் இறுகிய பழைய வாகனங்களை நாள் முழுக்கக் கழற்றும் கடையென்றால் அதைவிடப் பலமானது தேவை.

கேள்வி: டயர் கடையில் கன்னால் நன்றாக இறுக்கித் தந்தார்கள். பிறகு பங்சரானபோது காருடன் வந்த வீல் பிரேஸால் ஒரு நட்டுக்கூட அசையவில்லை. எனக்குப் பலம் போதாதா? (அக்கரைப்பற்று ஆசிரியை)

பதில்: டீச்சர், உங்கள் பலத்தில் குறையில்லை. கணக்கைப் பாருங்கள். அந்தப் பிரேஸ் ஏறக்குறைய ஓர் அடி நீளம். அதன் நுனியில் 35 கிலோ பாரம் வைத்தால் நட்டுக்குப் போவது சுமார் 103 நியூட்டன் மீற்றர். டொயோட்டா அக்குவா, அக்சியோ, விட்ஸ் எல்லாம் கேட்பது அந்த 103தான். கன் அதே நட்டை 300 வரை இறுக்கியிருந்தால், நீங்கள் நூறு கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டும். யாரால் முடியும்? இறுக்கியவர் கடைக்குள் நிற்பார். கழற்ற வேண்டியவர் லகுகலைக் காட்டு வழியில், யானை கடக்கும் நேரத்தில், பிள்ளைகளோடு நிற்பார். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் வருகிறது. கூடுதலாக இறுக்குவது பாதுகாப்பு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. அது ஸ்டட்டை இழுத்து நீட்டும், ஒருநாள் முறிக்கும். ஏற்றத்தாழ்வாக இறுக்கினால் டிஸ்க் கோணி, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கும்.

அடுத்த தடவை கடையில் இறங்கி நின்று, “கடைசி இறுக்கம் டோர்க் ரென்ச்சால் போடுங்கள்” என்று சொல்லுங்கள். குறித்த எண்ணில் இறுக்க உதவும் கருவி அது. வெட்கப்பட ஒன்றுமில்லை. காரில் பிரேஸின் மேல் செருக ஒரு நீளப் பைப்பும் வைத்திருங்கள். நீளம் இரட்டித்தால், அதே அழுத்தத்தில் நட்டுக்குப் போகும் முறுக்குவிசையும் இரட்டிக்கும். ஆனால் அது கழற்ற மட்டும்.

கேள்வி: முதலாளி நிறம் நிறமாக டோர்க் ஸ்டிக் செட் ஒன்று எடுத்துத் தந்திருக்கார். இதை மாட்டி அடித்தால் டோர்க் ரென்ச் தேவையில்லைதானே? (சாய்ந்தமருது டயர் கடைத் தம்பி)

பதில்: தேவை, தம்பி. அது வெறும் வில்லுருக்குக் கம்பி. குறித்த இறுக்கம் வந்ததும் கன்னின் அடியைக் கம்பி தானே முறுகி வாங்கிக்கொள்ளும், நட்டுக்கு விடாது. நல்ல யோசனைதான். ஆனால் எந்தப் பலமுள்ள கன்னுக்கு அதைச் செய்தார்களோ, அந்தக் கன்னில்தான் எண் சரிவரும். பெரிய கன்னை மாட்டினாலோ, விசையை விடாமல் அழுத்திப் பிடித்தாலோ எண் தாண்டும். நிறத்தையும் நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இதைவிடப் பெரிய பொறி அலகில் இருக்கிறது. ஸ்டிக்கில் பொறித்த எண் பல தடவை அடி இறாத்தல். 80 அடி இறாத்தல் என்றால் 108 நியூட்டன் மீற்றர். பழைய அல்ட்டோ, வாகன்ஆர் பலவற்றுக்கு 85 போதும். “80தானே, குறைவுதான்” என்று அடித்தால் அங்கேயே பிழைத்துவிடும். அக்குவாவுக்கு 65 அடி இறாத்தல் ஸ்டிக்கை மாட்டுங்கள், 88 வரை வரும். மிச்சம் டோர்க் ரென்ச் வேலை. நாலு நட்டென்றால் குறுக்குக்குறுக்காக, ஐந்தென்றால் நட்சத்திரம் போல.

கேள்வி: நீலம், மஞ்சள், சிவப்பு உறை போட்ட சொக்கட் மூன்று வாங்கினேன். இறுக்கத்தை மட்டுப்படுத்தும் என்றார் கடைக்காரர். (நிந்தவூர்)

பதில்: மட்டுப்படுத்தாது. அந்த நிறம் அளவைக் காட்டுவது: வழமையாக நீலம் 17, மஞ்சள் 19, சிவப்பு 21 மில்லிமீற்றர். உறை அலோய் ரிம்மில் கீறல் விழாமல் காக்கும். அதற்காகவே வைத்திருக்கலாம். பளபளக்கும் குரோம் சொக்கட்டை மட்டும் கன்னில் மாட்டாதீர்கள், வெடித்துத் தெறிக்கும். கன்னுக்குக் கறுப்பு இம்பெக்ட் சொக்கட்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த கார். புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. எண்ணை எங்கே தேட? (கல்முனைக்குடி)

பதில்: எழுத்து வேண்டாம், இலக்கம் போதும். டொயோட்டா என்றால், சக்கரம் மாற்றும் படமுள்ள பக்கத்தில் 103உம் அதனருகே 1050உம் கண்டால், அதுதான். இரண்டாவது கிலோகிராம் சென்றிமீற்றர் கணக்கு.

கேள்வி: கடற்கரையோரம் வீடு. நட்டு துருப்பிடிக்காமல் ஸ்டட்டுக்கு எண்ணெய் பூசலாமா? (ஒலுவில்)

பதில்: வேண்டாம். புத்தகத்து எண் உலர்ந்த புரிக்கானது. எண்ணெய் பட்டால் அதே எண்ணில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டுங்கள். ரிம் ஹப்போடு ஒட்டிக்கொள்கிறது என்றால், ஹப்பின் முகத்தில் மட்டும் மெல்லியதாகக் கிறீஸ் தடவலாம்.

கேள்வி: வாப்பா காலத்து பெட்ஃபோர்ட் லொறி. இடப்பக்க நட்டு எவ்வளவு அடித்தும் கழலவில்லை. (சம்மாந்துறை அரிசி ஆலைக்காரர்)

பதில்: உடனே நிறுத்துங்கள், இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்! அந்தக் காலத்துப் பிரித்தானிய லொறிகளில் இடப்பக்கத்துக்கு எதிர்ப்புரி. ஓட ஓட நட்டு தளராதிருக்கச் செய்த ஏற்பாடு. கன்னை மறுபக்கம் திருப்புங்கள்.

கேள்வி: கையில் காசு கொஞ்சம்தான். எதை முதலில் வாங்க? (பொத்துவில் வேன் சாரதி)

பதில்: அரை அங்குல டோர்க் ரென்ச். கன் பிறகு வரட்டும். சக்கரம் மாற்றி மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்ததும், வீல் ஆறிய பின் மறுபடி சரிபாருங்கள். அந்த ரென்ச்சால் நட்டைக் கழற்றக் கூடாது. வேலை முடிந்தால் ஆகக் குறைந்த எண்ணுக்குத் தளர்த்திப் பெட்டியில் வையுங்கள்.