நரிக்கு வாலு எங்கடே?

என்ன டே மக்கா, மூஞ்சி வாடிக் கிடக்கு? பூனைக்கு வேட்டி கட்டி, நரிக்குக் கோட்டு மாட்டி, இருபது படம் வரைஞ்சு அடுக்கியாச்சு. இப்பம் "கேலரிக்கு வாற பெரிய மனுசங்க ஏத்துக்கிடுவாங்களா தாத்தா"ன்னு ராத்திரி ஒறக்கமில்லை. படத்துக்குப் பக்கத்துல ஒட்ட ஒரு தாள் வேற எழுதி வச்சிருக்கே. 'மானுடவுருவேற்றத்தின் பின்நவீன சாத்தியங்கள்'. சவம், அதை வாசிச்சா பூனையே இறங்கி ஓடிராதா?

நீ எந்த ஊர்ல இருந்துக்கிட்டு இதைக் கேக்கே? நம்ம திருவனந்தபுரம்டே! தம்பானூர்ல பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கேகோட்டைக்கு நட. வழியில பழவங்காடி கணபதி. யானைத் தலை, மனுச ஒடம்பு. பட்டாளத்துக்காரங்க பாத்துக்கிடுத கோயிலு. பேங்க் மேனேஜரும் பரீட்சைக்குப் போற பிள்ளையும் ஒண்ணா நின்னு விடலை போடுகாங்க. எவனாவது "இதுக்கு விளக்கத் தாள் எங்கே"ன்னு கேட்டானா? சில்லு தெறிச்சா ஒதுங்கி நிப்பான், அம்புட்டுதான். பப்பநாபசாமி கோயிலுக்குள்ள போனா அனுமாருக்கு மேலெல்லாம் வெண்ணெய். தெக்க நம்ம சுசீந்திரத்துல பிள்ளையாரையே பொம்பளையாக்கிக் கல்லுல வச்சிருக்கு. 1956 வரைக்கும் அதுவும் திருவிதாங்கூர்-கொச்சியிலதான், கேட்டியா? அதைச் செதுக்குனவன், ரசிகமணிகள் என்ன சொல்லுவாங்களோன்னு உளியைக் கீழ வச்சிட்டா போனான்?

வெளிநாட்டுக் கதையும் ஒண்ணு சொல்லுகேன். அமெரிக்காவுல கூலிட்ஜ்னு ஒருத்தன், நாய்ங்க சுத்தி ஒக்காந்து சீட்டு வெளையாடுக மாதிரி வரைஞ்சான். 1903-ல இருந்து சுருட்டு விளம்பரத்துக்குன்னு ஒரு வரிசையே போட்டான். விவரம் தெரிஞ்சவங்கல்லாம் மூக்கைச் சுளிச்சாங்க. 2005-ல அதுல ரெண்டு படம் ஏலத்துக்கு வந்து, கிட்டத்தட்ட 5,90,000 டாலருக்குப் போச்சு. அன்னைக்கு எந்த மூக்கும் சுளிக்கலை. துட்டு வாசம் வந்தா மூக்கு நேராயிரும்.

அதை விடு. மியூசியத்துக்குப் போயிருக்கியா? நேப்பியர் பேரு வச்ச அந்தக் கட்டடம் எழும்புனது 1880-ல. அதுக்கும் முந்தியே அங்க மிருகக்காட்சிசாலை. ஒரே வளாகத்துல புலியும் இருக்கு, படமும் இருக்கு. ஞாயித்துக்கிழமை கூட்டம் எந்தப் பக்கம் போகும்? ஒனக்கே தெரியும். அந்தப் படங்களுக்கு நடுவுல நம்ம கிளிமானூர் ரவிவர்மா 1899-ல வரைஞ்ச தமயந்தி நிக்கா. செவப்புச் சேலை. முன்னால அன்னம். நளன் சேதி சொல்ல வந்த அன்னம். அதுக்குக் கோட்டு உண்டா? கண்ணாடி உண்டா? கையில சுருட்டு உண்டா? வெறும் பறவைடே. ஆனா அந்தப் பெண்ணு மொகத்தைப் பாரு. காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டு நிக்கா. அவ கேக்குகதுனாலதான் அது பேசுகு. அந்த சூட்சுமம் ஒனக்குப் பிடிபட்டுச்சா?

இதே கதையைக் கதகளியில ஆடுவான். நளசரிதம். அன்னத்துக்கு அலகும் சிறகும் வச்சுக்கிட்டு, மீசை மழிச்ச ஆம்பளை ஒருத்தன் வருவான். நான் சாலை பஜார்க் கடையைப் பூட்டிட்டுப் போயி விடிய விடியப் பாத்திருக்கேன். மனுசன் எப்படிப் பறவையாவான்னு ஒரு கெழவன் கேட்டதில்லை. ஒருநா அன்னம் கொஞ்சம் அசந்து நடந்துட்டு. என் பக்கத்துல இருந்த தேங்காய் வியாபாரி உடனே சொன்னாரு: "இது அன்னம் இல்ல வே, குளத்து வாத்து." பாத்தியா? கெழவனுக்கு வேசம் பிரச்சினையில்லை. நடைதான் பிரச்சினை.

நீ என்னடான்னா நடையை விட்டுட்டு, விருந்தாளி மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கே. அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு. படத்தை ரெண்டு நாளு நம்ம சாலையில சாயாக்கடைச் சுவத்துல மாட்டு. மூடை தூக்குகவன் சாயாவை ஆத்திக்கிட்டே ஒரு பார்வை பாப்பான். சிரிச்சானா, சிரிச்சிட்டுத் திரும்பவும் பாத்தானான்னு மட்டும் கவனி.

செரி, கண்ணாடியை எடு. நாலாவது படத்தைக் கொண்டா. கோட்டுக்கு ஆறு பொத்தானும் ஒழுங்கா வரைஞ்சிருக்கே, பையில கைக்குட்டை கூட வச்சிருக்கே. நரிக்கு வாலு எங்கடே?